கதை சொன்னவரும் கை கொடுத்தவரும்

தோழி என்னும் மரபு

நட்பைப் போற்றும் பாடல்களுக்குத் தமிழில் குறைவில்லை. கோப்பெருஞ்சோழனை நேரில் காணாமலே அவனோடு வடக்கிருந்த பிசிராந்தையாரையும், பாரி மறைந்தபின் அவன் மகளிரின் நல்வாழ்வுக்காக அலைந்த கபிலரையும் தமிழுலகம் மறந்ததில்லை. வள்ளுவரும் நட்பை ஓர் அதிகாரத்தோடு நிறுத்தாமல் பல அதிகாரங்களில் ஆராய்ந்தார். ஆயினும் நட்புக்குச் சான்றாக நம் நினைவில் முதலில் வருபவர்கள் பெரும்பாலும் ஆடவர்களே.

பெண்ணுக்கும் பெண்ணுக்கும் இடையே நிலவும் உறவுக்குச் சங்க அகப்பாடல்கள் தந்த வடிவம் தோழி. தலைவியின் மனத்தை அறிந்தவள் அவள். களவுக் காலத்தில் அறத்தொடு நிற்பவளும், கற்புக் காலத்தில் வாயில் மறுப்பவளும் அவளே. அகப்பாடல்களில் பெரும்பகுதி அவள் கூற்றாகவே அமைந்துள்ளது. எனினும் அவளுடைய சொந்த வாழ்வு எங்கும் பாடப்படவில்லை. தலைவிக்கு ஒரு கதை உண்டு. தோழிக்கோ தலைவியின் கதையே கதை.

இருபதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புதின வரலாற்றிலும் இத்தகைய தோழி ஒருத்தி நிற்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட புதினங்களைப் படைத்து, முப்பத்தைந்து ஆண்டுகள் ஓர் இதழைத் தாங்கி நின்ற வை.மு.கோதைநாயகி அம்மாளை அறியாத தமிழாசிரியர் இலர். அவருடைய முதல் நூலைத் தம் கையால் எழுதித் தந்த பட்டம்மாளின் பெயரோ ஒரு வரிச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. அந்த ஒரு வரியைச் சற்றே விரித்துப் பார்த்தால், கோதைநாயகியின் வாழ்வு தனியொருவரின் அருஞ்செயலாக மட்டுமன்றிப் பெண்களின் தோழமையால் எழுந்த வாழ்வாகவும் விளங்கக் காணலாம்.

திருவல்லிக்கேணி மருமகள்

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தார். தந்தையார் நீர்வளூர் வேங்கடாச்சாரியார். தாயார் இவர் ஒரு வயதுக் குழந்தையாக இருக்கும்போதே மறைந்தார். பாட்டி முதலிய உறவினரின் அரவணைப்பில் வளர்ந்த சிறுமிக்கு 1907இல், ஐந்தரை வயதில், மணம் முடிக்கப்பட்டது. கணவர் பார்த்தசாரதிக்கு அப்போது வயது ஒன்பது. அவர் குடும்பம் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த, வைணவப் புலமையிற் சிறந்த குடும்பம். பெயரின் முன்னுள்ள வை.மு. என்னும் எழுத்துகள் வைத்தமாநிதி முடும்பை என்னும் அக்குடும்பப் பெயரைக் குறிப்பன. கம்பராமாயணத்துக்கு உரை வகுத்த வை.மு.கோபாலகிருஷ்ணமாசாரியாரும் இம்மரபினரே.

அக்காலச் சிறுமியர் பலரைப் போலவே கோதைநாயகியும் பள்ளிக்குச் சென்றவர் அல்லர். ஆனால் புகுந்த வீட்டில் பாசுரமும் கம்பன் கவியும் அன்றாட ஒலிகளாக இருந்தன. கண்ணால் கற்க வேண்டியதைச் செவியால் கற்கும் பேறு அவருக்கு வாய்த்தது. வீட்டுச் சிறுவர் சிறுமியரைச் சுற்றி அமர்த்திக்கொண்டு கதை சொல்வது அவர் வழக்கம். கேட்ட கதைகளைத் திரும்பச் சொல்வதோடு நில்லாமல், தாமே புனைந்தும் சொல்லத் தொடங்கினார். அவர் கதை சொல்லும் திறத்தை உணர்ந்து ஊக்கிய முதல்வர் கணவரே. அவர் தம் இளம் மனைவியை நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். மேடையில் கண்ட உரையாடலும் பாட்டும் திடீர்த் திருப்பமும் அவர் மனத்தில் ஆழப் பதிந்தன.

இந்நிலையில் கோதைநாயகியிடம் கதை இருந்தது, நாவன்மை இருந்தது, கேட்பதற்குச் சிறுவர் கூட்டமும் இருந்தது. இல்லாதது ஒன்றே. அவருக்குத் தமிழ் எழுதத் தெரியாது.

சொல்லியவரும் எழுதியவரும்

இக்குறையை நிறைவு செய்தவர் அவருடைய நெருங்கிய தோழி பட்டம்மாள். கோதைநாயகி சொல்லச் சொல்ல, பட்டம்மாள் எழுதினார். அவ்வாறு உருவானதே இந்திர மோகனா என்னும் நாடகம். 1924இல் அது நூலாக வெளிவந்து, இதழ்களின் பாராட்டையும் பெற்றது. எழுத்தறியாத ஒரு பெண் நூலாசிரியர் ஆனார்.

ஒருவர் சொல்ல மற்றொருவர் எழுதுவது எளிய செயல்போலத் தோன்றும். வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்னும் கதையை அறிந்த நமக்கு அது புதியதும் அன்று. ஆனால் சொல்லுவோர் எங்கே மூச்சு விடுகிறார், எங்கே தயங்குகிறார், எங்கே ஒரு பாத்திரத்தை விட்டு மற்றொரு பாத்திரத்துக்குக் குரலை மாற்றுகிறார் என்பதையெல்லாம் உணர்ந்தே எழுதுவோர் கோல் நகர வேண்டும். அவர் படைப்பின் முதல் வாசகர். முதல் திறனாய்வாளரும் அவரே. அவர் முகம் மலர்ந்தால் காட்சி நீளும். அவர் கோல் நின்றால் சொல்லுவோர் மறுபடி எண்ணிப் பார்க்க நேரும். முதற்படைப்பு நாடகமாக அமைந்ததும் இவ்வகையில் பொருத்தமே. வாயினின்று பிறந்து செவிவழிச் சென்று கையில் முடியும் படைப்புக்கு உரையாடல் வடிவத்தினும் இயல்பான வடிவம் வேறில்லை.

பட்டம்மாளின் பணி படியெடுத்ததோடு முடியவில்லை. கோதைநாயகி தமிழ் எழுதக் கற்றுக்கொண்டதும் அவரிடமேதான். தோழி தன்னை வேண்டாதவளாக ஆக்கிக்கொள்ளும் கல்வியைத் தோழிக்கே அளித்தார் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. எழுதித் தருவோராகவே இருந்திருந்தால் அடுத்த நூலுக்கும் அவர் கையே வேண்டியிருக்கும். எழுதக் கற்பித்தமையால், அந்த ஒரு நூலோடு அவர் பெயர் வரலாற்றில் பின்னே நின்றது; கோதைநாயகியின் பெயர் முன்னே சென்றது. தோழமையின் உயர்நிலை இதுவெனில் மிகையாகாது. ஒருவர் வளரத் தாம் சிறுத்து நிற்க உடன்படும் இத்தகைய மனத்தை இலக்கிய வரலாறுகள் கணக்கில் கொள்வதில்லை. அவை நூற்பெயரையும் ஆண்டையும் ஆசிரியர் பெயரையும் கொண்டு எழுதப்படுவன. கற்பித்த கைக்கு அவற்றில் இடமில்லை.

ஜகன்மோகினி

எழுதக் கற்ற கை பின்னர் ஓயவில்லை. அடுத்து அவர் எழுதிய வைதேகி என்னும் புதினம் தமிழ் வாசகரிடையே அவர் பெயரை நிலைநாட்டியது. அக்காலத்தில் துப்பறியும் புதினங்களால் புகழ் பெற்றிருந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் தொடர்பு அவருக்கு ஏற்பட்டது. 1925இல், நின்றுபோயிருந்த ஜகன்மோகினி என்னும் இதழை ஏற்று நடத்தத் தொடங்கினார். இதழ் நடத்திய பெண்கள் அவருக்கு முன்னும் இருந்தனர். ஆனால் ஒரு பெண் தம் எழுத்தையே முதன்மை முதலாகக் கொண்டு ஓர் இதழை முப்பத்தைந்து ஆண்டுகள் நடத்தியது அருஞ்செயல்.

இதனை ஊரார் எளிதில் ஏற்றுக்கொள்ளவில்லை. ஆசாரம் மிக்க குடும்பத்து மருமகள் கதை எழுதுவதும், அதனை விலைக்கு விற்பதும், மேடையேறிப் பேசுவதும் பழிச்சொற்களுக்கு இடமாயின. கணவர் பார்த்தசாரதி அப்பழியைப் பொருட்படுத்தாது துணை நின்றார். அவருடைய பங்கைக் குறைத்து மதிப்பிடலாகாது. மனைவி சிறையிலிருந்த காலத்தில் இதழ் நிற்காமல் காத்தவரும் அவரே. தோழியர் வட்டமும் கணவர் துணையும் ஒன்றையொன்று விலக்கவில்லை; இரண்டும் சேர்ந்தே அவரைத் தாங்கின.

ஜகன்மோகினியின் வாயிலாக வெளிவந்த அவருடைய புதினங்கள் நூற்றுப்பதினைந்து என்பர். வைதேகி, பத்மசுந்தரன், ராதாமணி, அநாதைப் பெண், ராஜமோகன், தயாநிதி ஆகியவை அவற்றுட் சில. கைம்பெண் மறுமணம், பெண்கல்வி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்கு, நாட்டுப்பற்று ஆகியன அவர் விரும்பி எடுத்த பொருள்கள். இவை அனைத்தும் காலத்தை வென்று நிற்கும் கலைப்படைப்புகள் எனல் பொருந்தாது. நீண்ட உரையாடல்களும், அறிவுரைகளும், எதிர்பாராத சந்திப்புகளும் இன்றைய வாசகர்க்கு அயர்வு தரலாம். ஆனால் அவற்றைக் குறை என்று ஒதுக்குமுன், அவை எங்கிருந்து வந்தன என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். எதிரே ஒருவர் அமர்ந்து கேட்பதாகக் கருதிச் சொல்லப்பட்ட கதைகள் அவை. இந்திர மோகனா பிறந்த முறையின் சாயல் நூற்றுப்பதினைந்தாவது புதினம் வரை நீங்கவில்லை. முன்பு எதிரே அமர்ந்தவர் பட்டம்மாள் ஒருவர்; பின்பு அவ்விடத்தில் தமிழ்நாட்டு இல்லங்களின் பெண்கள் ஆயிரவர் அமர்ந்தனர்.

பள்ளி செல்லாத ஒரு வாசகிக்குப் பள்ளி செல்லாத ஓர் ஆசிரியை எழுதினார். மாதந்தோறும் வாயிற்படியில் வந்து விழுந்த அந்த இதழை எழுத்தறிந்த ஒருத்தி படிக்க, அறியாத மற்றவர்கள் சூழ்ந்திருந்து கேட்கும் வழக்கம் அக்காலத்து வாசிப்பில் இயல்பானது. இவ்வகையில் கதை மீண்டும் செவிக்கே சென்றது.

மேடையும் சிறையும்

1925இல் காந்தியடிகள் சென்னை வந்தபோது அவரைக் கண்டது கோதைநாயகியின் வாழ்வில் மற்றொரு திருப்பம். பட்டும் நகையும் நீங்கின; கதர் உடுத்தலாயினார். தேசப்பணி அவருக்குப் புதிய தோழியரைத் தந்தது. எஸ்.சீனிவாச ஐயங்காரின் மகளார் அம்புஜம்மாள், 1930இல் வேதாரணியம் உப்பு அறப்போரில் சிறை சென்றவரும் பின்னாளில் சென்னை மாகாணத்தின் முதல் பெண் அமைச்சருமான ருக்மணி லட்சுமிபதி ஆகியோர் அவருடன் பணியாற்றியோர். செல்வச் சூழலில் பிறந்தவரும், மேனாட்டுக் கல்வி பெற்றவரும், பள்ளிப் படியை மிதியாதவரும் ஒரே தெருவில் நின்று அந்நியத் துணிக்கு எதிராகவும் கள்ளுக்கடைக்கு எதிராகவும் குரல் கொடுத்தனர். பிறப்பும் படிப்பும் வகுத்த இடைவெளியைத் தோழமை கடந்தது.

கோதைநாயகி இனிய குரல் வாய்ந்தவர். பொதுக்கூட்டங்களில் பாடுவார், பாட்டுக்கிடையே சிறு கதைகள் சொல்லிக் கூட்டத்தைத் தம்பால் ஈர்ப்பார். சிறுவயதிலேயே இசைத்திறம் காட்டிய டி.கே.பட்டம்மாளை மேடையேறிப் பாடுமாறு ஊக்கியோருள் இவரும் ஒருவர். நல்ல குடும்பத்துப் பெண் மேடையில் பாடலாகாது என்றிருந்த காலத்தில், முன்னரே பழி சுமந்து பழகிய ஒருவரின் ஊக்கம் ஒரு சிறுமிக்கு எத்தகைய அரணாக இருந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு பட்டம்மாளிடம் பெற்றதை மற்றொரு பட்டம்மாளுக்குத் திருப்பித் தந்தது போல் அமைந்தது அச்செயல்.

1930களின் தொடக்கத்தில் மறியல் செய்தமைக்காகக் கோதைநாயகி சிறைத்தண்டனை பெற்றார். வேலூர்ச் சிறை அவருக்கு எழுதும் அறையாயிற்று. அங்கே சந்தித்த பெண் கைதிகளின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்டறிந்தார். இதுவரை சொல்லுபவராகவே இருந்தவர் கேட்பவராக மாறிய இடம் அது. சோதனையின் கொடுமை என்னும் புதினம் அச்சிறை வாழ்வில் விளைந்தது. பட்டம்மாள் தமக்குச் செய்ததை, பெயர் அறியாத பெண்களுக்கு அவர் செய்தார். சொல்லத் தெரிந்தும் எழுத வழியற்றிருந்தவர்களின் துயரம் அவர் கையால் எழுத்தாயிற்று.

கடலுக்கு அப்பால் ஒரு மாலைப்பொழுது

இத்தோழமை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கோதைநாயகியின் காலத்திலேயே அமெரிக்காவில் வாழ்ந்த கறுப்பினப் புதின ஆசிரியர் சோரா நீல் ஹர்ஸ்டன். 1891இல் பிறந்து, கறுப்பின மக்களே ஆட்சி செய்த ஈட்டன்வில் என்னும் சிற்றூரில் வளர்ந்தவர். திண்ணைகளில் பேசப்பட்ட நாட்டார் கதைகளைக் கேட்டுத் தொகுத்தவர். 1937இல் அவர் வெளியிட்ட தலைசிறந்த புதினம் ஒரு மாலைப்பொழுதில் தொடங்குகிறது. நெடுநாள் கழித்து ஊர் திரும்பும் ஜேனி என்பவளைத் திண்ணைகளில் அமர்ந்தோர் தூற்றுகின்றனர். ஃபீபி என்னும் தோழி மட்டும் உணவுத் தட்டை ஏந்தி அவள் வீட்டுக்கு வருகிறாள். கொல்லைப்புறப் படியில் இருவரும் அமர்கின்றனர். இருள் கவியக் கவிய ஜேனி தன் வாழ்க்கைக் கதையைச் சொல்கிறாள். புதினம் முழுவதும் அந்த ஓர் இரவில் ஒரு தோழி மற்றொரு தோழிக்குச் சொன்ன கதையே. கதை முடியும்போது கேட்டவளும் வளர்ந்துவிடுகிறாள்.

சொல்லுவோரும் கேட்போரும் சேர்ந்தே கதை பிறக்கிறது என்பதைப் புதினத்தின் அமைப்பாகவே ஆக்கினார் ஹர்ஸ்டன். திருவல்லிக்கேணியில் அது வாழ்வாகவே நிகழ்ந்தது.

அவருக்குப் பின்வந்த டோனி மாரிசன், 1973இல் வெளிவந்த சூலா என்னும் புதினத்தில், நெல், சூலா என்னும் இரு கறுப்பினப் பெண்களின் நட்பையே முழுப்பொருளாக்கினார். கணவனை இழந்த துயரம் என்று ஆண்டுக்கணக்கில் எண்ணியிருந்தது தோழியை இழந்த துயரமே என நெல் இறுதியில் உணர்கிறாள். அகப்பாடல்கள் பாடாது விட்ட தோழியின் சொந்தக் கதைக்கு அங்கே ஒரு காப்பியம் கிடைத்தது. 1993இல் மாரிசன் நோபல் பரிசு பெற்றார்.

ஹர்ஸ்டனும் கோதைநாயகியும் ஒருவரையொருவர் அறியாதவர். இருவர் மறைவும் 1960ஆம் ஆண்டிலேயே, இருபத்துமூன்று நாள் இடைவெளியில் நிகழ்ந்தது. ஹர்ஸ்டன் ஜனவரி 28ஆம் நாள் வறுமையில் இறந்தார். அவர் கல்லறைக்குப் பெயர்க்கல்லும் இல்லை. 1973இல் ஆலிஸ் வாக்கர் என்னும் இளைய எழுத்தாளர் தேடிச்சென்று கல் நாட்டினார். அதன்பின் அவர் நூல்கள் மீண்டும் அச்சேறி உலகெங்கும் பயிலப்பட்டன. மறைந்த ஒருவருக்கும் தோழி ஆகலாம் என்பதை வாக்கர் மெய்ப்பித்தார்.

இறுதி ஆண்டுகள்

இரண்டாம் உலகப் போரின்போது சென்னையில் குண்டுவீச்சு அச்சம் பரவியது. கோதைநாயகி சிங்கப்பெருமாள்கோயிலுக்குக் குடிபெயர்ந்து, தாள் தட்டுப்பாட்டிடையேயும் இதழை விடாது நடத்தினார். 1948இல், காந்தியடிகள் மறைந்த ஆண்டில், திருவல்லிக்கேணியில் மகாத்மாஜி சேவா சங்கத்தை நிறுவினார். இசையும் மொழியும் கைத்தொழிலும் அங்குப் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டன. பள்ளி செல்லாதவர் பள்ளி ஒன்றை உண்டாக்கினார் என்றே சொல்லலாம். தோழி ஒருத்தி தமக்குக் கற்பித்ததை ஊர்ப்பெண்களுக்கு நிறுவனமாக ஆக்கித் தந்தது அச்சங்கம்.

திரைப்படத் தணிக்கைக் குழுவிலும் அவர் பணியாற்றினார். அவர் கதைகளுள் ராஜமோகன் 1937இலும் அநாதைப் பெண் 1938இலும் திரைப்படங்களாயின. வாழ்வின் பிற்பகுதியில் ஒரே மகன் சீனிவாசனை இழந்த துயரம் அவரை வாட்டியது. பின்னர்க் காசநோயும் பற்றியது. 1960 பிப்ரவரி 20ஆம் நாள் அவர் மறைந்தார். ஜகன்மோகினியும் அவருக்குப் பின் நெடுநாள் வாழவில்லை. 1966இல் தயாநிதி என்னும் புதினம் சித்தி என்னும் திரைப்படமாகிப் பெரும் வெற்றி பெற்றபோது, அதனைக் காண அவர் இல்லை. அரங்கில் கண்ணீர் வடித்த பெண்களுள் எத்தனை பேர் அக்கதையின் ஆசிரியரை அறிந்திருந்தனரோ!

வட்டத்துக்கு உரிய கடன்

பெரும்பாறை மலைச்சரிவில், காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில், செடிகளுக்கிடையே பெண்களின் பேச்சு ஓயாது கேட்கும். ஒருத்தி தொடங்கிய கதையை அடுத்த செடியில் நிற்பவள் வாங்கிக்கொள்வாள். கூடை நிறையும், கதையும் நிறையும். மாலையில் மஞ்சு இறங்கும்போது அவர்கள் கலைந்து செல்வார்கள். அக்கதைகளில் எவையும் ஏட்டில் ஏறுவதில்லை. அவர்களுள் ஒரு கோதைநாயகி இருக்கக் கூடாதா? இருக்கக்கூடும். அவளுக்கு எதிரே எழுதுகோலோடு அமரும் பட்டம்மாள்தான் வேண்டும்.

இலக்கிய வட்டம் என்பதன் பொருளும் இதுவே. ஒருவர் பாட மற்றவர் கேட்பதும், கேட்டதைத் திருத்துவதும், திருத்தியதைப் படியெடுத்து இதழுக்கு அனுப்புவதும், கூட்டத்துக்கு நாற்காலி இடுவதும் தோழமைப் பணிகள். பத்தாண்டுகளாக இம்மலையில் கவிதைகள் அரங்கேறியுள்ளன என்றால், மேடையேறாத கைகள் பத்தாண்டுகளாக உழைத்துள்ளன என்பதே அதன் பொருள். கவிஞர் பெயர்கள் மலரில் இடம்பெறும். அக்கைகளுக்குரிய பெயர்களும் இடம்பெறல் வேண்டும்.

கோதைநாயகி பெற்ற புகழ் அவருக்கு உரியது. அதில் ஒரு துளியும் குறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் இந்திர மோகனாவின் பெயரைச் சொல்லும்போதெல்லாம், அதனைச் சொன்னவரோடு எழுதியவரையும் சேர்த்துச் சொல்லுதல் தமிழாசிரியர்க்குக் கடன். தலைவியைப் பாடிய நா தோழியையும் பாடுவதாக.